வரேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்

எங்கள் சங்குப்பட்டினத்தில் யாரும் எங்கேயும் போவதில்லை, போய்விட்டு வருவார்கள். கடைத்தெருவுக்குப் போனாலும் சரி, கடலுக்குப் போனாலும் சரி, துபாய்க்குப் போனாலும் சரி, வாசலைத் தாண்டும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லியாக வேண்டும். எவனாவது வாய் தவறி "போறேன்" என்று சொல்லிவிட்டால், கேட்டவர்கள் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, "என்ன பேச்சு இது, போயிட்டு வரேன்னு சொல்லு" என்று அவனை நிறுத்தித் திருத்தித்தான் அனுப்புவார்கள். தமிழ்நாடு முழுக்க இதுதானே வழக்கம் என்பீர்கள். வழக்கம்தான், ஆனால் மற்ற ஊர்களில் சொன்ன சொல் சொன்னவனோடு போய்விடுகிறது, எங்கள் ஊரில் அது கோட்டையின் மேற்கு வாசலிலேயே தங்கி, யார் கண்ணிலும் படாமல், வருஷக்கணக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. இது எங்களுக்குத் தெரிந்தது ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில்.

அன்றைக்குக் கோட்டை வாசலிலிருந்து ஐந்நூறு பேருக்கு மேல் வெளியே வந்தார்கள். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு வந்தார், தோசை வார்த்துக்கொண்டிருந்த அம்மாள் கரண்டியோடு வந்தார், சேலத்து வக்கீல் ஒருவர் கறுப்புக் கோட்டும் கீழே லுங்கியுமாக வந்தார், பிரான்ஸ் தேசத்துத் தம்பதி போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் கடந்த பன்னிரண்டு மாதத்தில் எங்கள் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அருமையான ஊருங்க, கட்டாயம் மறுபடி வருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். "டாட்டா, பை பை" என்று கையாட்டிவிட்டுப் போனவர்கள் மட்டும் தப்பித்துக்கொண்டார்கள், அவர்கள் எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை அல்லவா. டீக்கடைப் பக்கிரிசாமி அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு பாத்திரத்தில் பாலை வைத்தார்.

இவ்வளவு பேர் எங்கள் ஊருக்கு எதற்கு வந்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'தமிழகத்தில் பார்க்க வேண்டிய பத்து ஊர்கள்' என்று ஒரு சின்னப் புத்தகம் பஸ் நிலையங்களில் எல்லாம் விற்கும். மாமல்லபுரம், காஞ்சிபுரம், செஞ்சி, தஞ்சாவூர், காரைக்குடி, மதுரை, ராமேஸ்வரம், கொடைக்கானல், ஊட்டி என்று ஒன்பது ஊர்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தில் பத்தாவதாக எங்கள் ஊரைப் போட்டு, "ஒல்லாந்தர் கட்டிய கோட்டை, நான்கு பீரங்கிகள், கடல். நேரமிருந்தால் பார்க்கலாம்" என்று முடித்திருந்தார்கள். நேரமிருந்தால் என்ற அந்த வார்த்தை எங்களுக்குக் கொஞ்சம் உறுத்தல்தான், இருந்தாலும் அந்த வார்த்தையை நம்பித்தான் எங்கள் லாட்ஜும் டீக்கடையும் சங்கு மாலை விற்கிற பெண்களும் பிழைத்துவந்தோம்.

முதல் நாள் அது எங்களுக்குத் திருவிழாவாகத்தான் இருந்தது. வந்தவர்கள் பீரங்கியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், மத்தியானம் பஸ் ஏறி ஊருக்குப் போனார்கள், மறுநாள் விடியற்காலையில் அதே வாசலில், அன்றைக்குக் கையில் இருந்ததை வைத்துக்கொண்டு, அத்தனை பேரும் திரும்ப நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு கூட்டமும் நின்றது, அது அதற்கு முந்தின வருஷத்தில் வந்துபோனவர்களுடைய கூட்டம். மூன்றாம் நாள் மூன்றாம் வருஷத்துக்காரர்கள் வந்தார்கள். நாளுக்கு ஒரு வருஷமாக அது பின்னோக்கிப் போகிறது என்று எங்களுக்குப் புரிந்தபோது, போயும் பயனில்லை என்று தங்கிவிட்டவர்களால் கல்யாண மண்டபம் நிறைந்து, பள்ளிக்கூடம் நிறைந்து, உப்பளத்துக் கொட்டகைகளும் நிறைந்திருந்தன.

மனுஷன் எதற்கும் பழகிவிடுகிறான். நாலாம் நாளைக்கெல்லாம் நாங்கள் அவர்களை வருஷத்தைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டோம், "ரெண்டாம் வருசத்துக்காரங்களுக்கு இட்லி முடிஞ்சுது, மூணாம் வருசம் வரிசைக்கு வாங்க" என்று பெண்கள் கூவினார்கள், மீனவர்கள் படகுப் பாய்களை அவிழ்த்துப் பந்தல் போட்டார்கள். வந்தவர்களுக்குத்தான் முகம் சுருங்கிப்போயிற்று. பார்த்த கோட்டையை எத்தனை தடவை பார்ப்பது, எண்ணின பீரங்கியை எத்தனை தடவை எண்ணுவது? மறுபடி வருவோம் என்று சொன்னபோது அவர்கள் அதை வெறும் மரியாதைக்குச் சொன்னார்கள் என்பது நாலு நாளில் அவர்களுக்கும் தெரிந்தது, எங்களுக்கும் தெரிந்தது, அது எங்களுக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

இறந்தவர்கள் மட்டும் வரவில்லை. புதுக்கோட்டைக்காரர் ஒருவர், முன்பு மனைவியோடு வந்தவர், இப்போது தனியாக வாசலில் நின்று வலது கையை, யாருடைய கையையோ பிடித்திருப்பதுபோல், பக்கவாட்டில் நீட்டியபடி இருந்தார். "வீட்டுக்காரம்மா?" என்று பக்கிரிசாமி கேட்டதற்கு, "போன தையில தவறிட்டாங்க" என்றார். ஆக, ஒருவர் வராவிட்டால் அதற்கு இரண்டே காரணம்: ஒன்று, அவர் 'வரேன்' என்று சொல்லாமல் போயிருக்க வேண்டும், இல்லையென்றால், அவர் உயிரோடு இல்லை. இதைக் கேட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்ற சொர்ணவல்லி, கையில் இருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

சொர்ணவல்லி கோட்டைக்கு எதிரே பதினோரு அறையுள்ள கடல்காற்று லாட்ஜை நடத்துகிறவள். அவள் புருஷன் தில்லைமணி கோட்டையில் கைடாக இருந்தவர், நாலு பீரங்கிக்கு நாற்பது கதை சொல்லுகிறவர், வாயைத் திறந்தால் வெயில் தெரியாது. வருகிறவர்கள் எல்லாரும் அவரிடம் ஊட்டியைப் பற்றியும் மதுரையைப் பற்றியும் பேசிப் பேசி, எங்கள் ஊரை எல்லாருக்கும் சுற்றிக்காட்டின அந்த மனுஷன் வேறு ஒரு ஊரையும் பார்த்ததில்லை என்கிற ஏக்கம் அவருக்கு நெஞ்சில் முள்ளாக ஏறிவிட்டது. பத்து ஊர்ப் புத்தகத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். "ஒம்போது ஊரையும் பாத்துட்டு வந்துடலாம் வல்லி" என்று அவர் கேட்பார், "லாட்ஜ யாரு பாத்துக்குறது, ஒங்க பீரங்கியா?" என்று இவள் கேட்பாள், இப்படியே பதினெட்டு வருஷம் கேட்டுக்கொண்டார்கள்.

ஊரடங்குக்கு முந்தின ஐப்பசியில் ஒரு காலை, வாசலை ஒட்டியிருந்த கிரைண்டரில் சொர்ணவல்லி மாவு தள்ளிவிட்டுக்கொண்டிருந்தபோது, தில்லைமணி ஒரு பையோடு வந்து வாசற்படியில் நின்று ஏதோ சொன்னார். கிரைண்டர் சத்தத்தில் அவளுக்கு முதலில் 'போ' காதில் விழுந்தது, முடிவில் 'றேன்' என்றோ 'ரேன்' என்றோ காதில் விழுந்தது, நடுவில் இருந்ததைக் கல் தின்றுவிட்டது. 'போறேன்' என்றாரா, 'போயிட்டு வரேன்' என்றாரா? நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ம்" என்றாள். செல்போனை ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார் என்பதை மத்தியானம்தான் பார்த்தாள். அப்புறம் ஊரடங்கு வந்தது, ஊர் ஊராக நோய் வந்தது, கடிதாசி வரவில்லை, ஆறு வருஷம் ஐந்து மாதமாக அந்த ஒரு "ம்"மைத் தொண்டையில் வைத்துக்கொண்டுதான் அவள் பதினோரு அறைக்கும் படுக்கை விரித்துவந்தாள்.

இப்போது அவளுக்குக் கணக்கு தெரிந்துவிட்டது. ஏழாம் நாள், அவர் ஊரைவிட்டுப் போன வருஷத்தின் முறை. வந்தால், வரேன் என்று சொல்லியிருக்கிறார். வராவிட்டால், என்றைக்கும் இல்லை.

ஐந்தாம் நாள் பக்கிரிசாமியால் ஊருக்கு ஒரு வழி பிறந்தது. ஈரோட்டு ஜவுளிக்காரர் ஒருவர், முதல் வருஷத்துக்காரர், ஐந்து நாளாகச் சர்க்கரை கம்மி, டிகாக்ஷன் கம்மி என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தவர், அன்றைக்கும் கண்ணாடிக் கிளாஸை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். பக்கிரிசாமி இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, "அய்யா சாமி, போங்க, இனிமே வராதீங்க" என்று சொல்லிவிட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திகைத்துப்போனோம், ஊருக்கு வந்த ஒருவரிடம் அந்தச் சொல்லை அதுவரைக்கும் எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. ஆனால் ஆறாம் நாள் விடியற்காலையில் வாசலில் எல்லாரும் இருந்தார்கள், ஈரோட்டுக்காரர் மட்டும் இல்லை.

அந்த ஆறாம் நாள் புதிதாக வந்தது ஒரே ஒருவர். ஊரடங்கு வருஷத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை எடுக்க வந்துபோன சுகாதாரப் பணியாளர் அவர், இப்போதும் கையில் ஒரு குச்சியோடுதான் வந்திருந்தார். "அவ்ளோதான், நின்னுடுச்சு" என்று சிலர் வெடி போடப் போனார்கள்.

"வெடிய உள்ள வைங்க" என்றார் பேரூராட்சித் தலைவர் ஹாஜா முகைதீன். அன்று சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. "அது ஊரடங்கு வருசங்க, அதான் ஆளில்ல. நாளைக்கு ஏழாம் வருசம். தில்லைமணி இருந்த வருசம். அவன் ஒருத்தரையாவது சும்மா அனுப்பிருக்கானா? 'போறேன்னு சொல்லாதீங்க சார், போயிட்டு வரேன்னு சொல்லுங்க'ன்னு பஸ்ஸுக்குள்ள ஏறி நின்னு சொல்ல வச்சுல்ல அனுப்புவான்? ரெண்டு மடங்கு வரும்."

மேல்நிலைத் தொட்டியில் முழங்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது. அன்று காலை குடத்தோடு வரிசையில் நின்ற மூன்றாம் வருஷத்துப் பெரியவர் ஒருவர் சுருண்டு விழுந்திருந்தார். நர்ஸ் அம்மா எழுந்து, "இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா வாந்திபேதி வந்துரும், எங்கிட்ட பத்து பாட்டில் குளுக்கோஸ்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பக்கிரிசாமி கண்டுபிடித்த வழியைத் தலைவர் ஊருக்கு ஆக்கினார். விடிவதற்கு முன்னால் ஊர் மொத்தமும் மேற்கு வாசலில் நின்று, வந்தவர்களையும் இனி வரப்போகிறவர்களையும் பார்த்து, ஒரே குரலாக "வராதீங்க" என்று சொல்லிவிடுவது. வருகிறவர்களை நம்பி வயிறு வளர்க்கிற ஊர், இதைச் சொன்னபிறகு யார் வருவார்கள்? சங்கு மாலை விற்கிற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் வேறு வழி யாருக்கும் தெரியவில்லை.

"நாளைக்கு ஒரு நாள் விடுங்க" என்று சொர்ணவல்லி எழுந்து நின்றாள். "ஏழாம் வருசத்த மட்டும் வர விடுங்க, அப்புறம் சொல்லிக்கலாம்."

"யக்கா, அதுதானே ரெண்டு மடங்கு வரும்னு சொல்றாரு" என்றாள் மீனவத் தெருவிலிருந்து ஒரு பெண். "ஒங்க ஒருத்தர் வூட்டுக்காரருக்காக எம்புள்ளைங்க நாக்கு வறண்டு கெடக்கணுமா?"

அந்தப் பெண் சொன்னது நியாயம் என்று சொர்ணவல்லிக்கே தெரிந்திருந்தது. "நியாயந்தாம்மா" என்று சொன்னாள், சொல்லிவிட்டும் உட்காரவில்லை. "அவரு இருக்காரா இல்லியான்னு எனக்குத் தெரியணும். சொன்னாரா சொல்லலியான்னு தெரியணும். எங்க வூட்டுக் கெணத்துத் தண்ணிய நீங்களே எடுத்துக்குங்க. நாளைக்கு விடியக்காலம் ஒரு தடவ மட்டும் அந்த வாசல அடைக்காதீங்க."

அவள் வீட்டுக் கிணறுதான் ஊரில் உப்புக் கரிக்காத ஒரே கிணறு. ஹாஜா முகைதீன் தாடியைத் தடவிக்கொண்டார். "சரி தங்கச்சி. நாளைக்கு வரட்டும். அவங்க வந்து முடிஞ்சதும் சொல்லிடணும். மொதக் குரல் ஒன்னோடதா இருக்கணும், ஒம் புருசன் வந்தாலும் சரி, வரலேன்னாலும் சரி. சம்மதமா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

ஏழாம் நாள் கிழக்கு வெளுக்கும்போது சொர்ணவல்லி குளித்து, நீலச் சேலை கட்டி, வாசலுக்கு நேராக நின்றாள். அவளுக்குப் பின்னால் ஊர் நின்றது. கதவில்லாத அந்த வாசலின் இருட்டிலிருந்து முதல் ஆள் வந்தார், செய்தித்தாளோடு ஒருவர், அப்புறம் கைக்குழந்தையோடு ஒருத்தி, அப்புறம் ஒரு கல்லூரிப் பஸ் நிறைய வந்த பெண்கள், அப்புறம் திருப்பூர்க்காரர்கள், அப்புறம் கண்ணாடி தேடிக்கொண்டே வந்த ஒரு தபால்காரர், வந்துகொண்டே இருந்தார்கள், தலைவர் பயந்தபடியே வந்தார்கள், அவள் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, அது அவரில்லை என்று விட்டு, அடுத்த முகத்தைப் பார்த்தாள். உயரமானவர் யாராவது தலை குனிந்து வந்தால் நாங்களும் எட்டி எட்டிப் பார்த்தோம். பாதி மழித்த முகமாக ஒருவர் அவள் முன்னால் நின்று, "என்னக்கா, எங்க நம்ம கைடு அண்ணன்? அவருதானே எங்கள பஸ்ல நிப்பாட்டி போயிட்டு வரேன்னு சொல்ல வச்சாரு, இந்தா வந்து நிக்கிறோம் பாருங்க" என்று சிரித்தார். "வருவாரு, நீங்க போயி வரிசையில நில்லுங்க" என்றாள் சொர்ணவல்லி.

பிறகு வருகிறவர்கள் ஒருவர் ஒருவராகக் குறைந்தார்கள். கடைசியாக ஒரு கிழவர் பல்செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் வெறும் வாசல், அதற்கு அப்பால் கடல். வெயில் ஏறி வாசற்கல்லில் விழுந்தது. மீனவத் தெருப் பெண் வந்து சொர்ணவல்லியின் முழங்கையைத் தொட்டாள். "இன்னும் கொஞ்ச நேரம் வேணா பாப்பமாக்கா?" என்றாள். சொர்ணவல்லி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அவளுடைய முகத்தில் கண்ணீர் இல்லை, கோபம்தான் இருந்தது. மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். 'வ' என்று தொடங்கி அங்கேயே நின்றுவிட்டது குரல். எங்கே 'வாங்க' என்று சொல்லிவிடப் போகிறாளோ என்று பயந்தோம். பிறகு சொன்னாள், எட்டுக் கல் தள்ளி இருக்கிற பாலத்துக்கே கேட்டிருக்கும், அப்படிச் சொன்னாள்.

"வராதீங்க!"

தமிழில் இது ஒரு வசதி, ஆயிரம் பேரைப் பார்த்துச் சொன்னாலும் கட்டின புருஷனைப் பார்த்துச் சொன்னாலும் அதே சொல்தான். அவள் யாருக்குச் சொன்னாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் சொன்ன பிறகு நாங்கள் சொன்னோம், கிழவர்கள் சொன்னார்கள், பிள்ளைகள் சொன்னார்கள், சங்கு மாலைக்காரிகள் அழுதுகொண்டே சொன்னார்கள், தொண்டை கட்டும்வரை சொன்னோம். வந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். பிறகு பஸ்களிலும் வேன்களிலும் லாரிகளிலும் ஏறினார்கள், ஏறும்போது ஒருவரும் 'வரேன்' என்று சொல்லவில்லை, புதுக்கோட்டைக்காரர் மட்டும் படியில் நின்று திரும்பி ஒரு கும்பிடு போட்டார். பகல் பன்னிரண்டு மணிக்குள் ஊர் காலியாகிவிட்டது, பந்தலை அவிழ்த்தோம், தொட்டி கழுவினோம், இனி நம் ஊருக்கு யார் வருவார்கள் என்ற கேள்வியை ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

சொர்ணவல்லி ஊறப்போட்டிருந்த அரிசியை எடுத்து கிரைண்டரில் போட்டாள். சாப்பிட ஆள் இல்லைதான், ஆனால் ஊறின அரிசியை என்ன செய்வது? தான் யாரும் அல்லாதவளாகிவிட்டதாக நினைத்தாள். விதவை என்று சொல்ல ஆதாரம் இல்லை, புருஷன் இருக்கிறான் என்று சொல்ல வாய் இல்லை. கல் சுற்றுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டரை மணி பஸ் காலியாகத்தான் வந்தது, கண்டக்டர், டிரைவர், இன்னும் ஒரே ஒரு ஆள். அந்த ஆள் பக்கிரிசாமி கடையைத் தாண்டும்போது பக்கிரிசாமி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தார், கூப்பிடத் தோன்றவில்லை. தாடி நரைத்திருந்தது, ஒரு கால் லேசாக இழுத்தது, தோளில் பழைய பைதான் இருந்தது. அவர் நேராக லாட்ஜ் வாசற்படிக்கு வந்து நின்று ஏதோ சொன்னார்.

சொர்ணவல்லி நிமிர்ந்தாள். உதடு அசைவது தெரிந்தது, என்ன என்று கேட்கவில்லை. எழுந்துபோய் ஸ்விட்சை அணைத்தாள். கல் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"ஒரு ரூம் கெடைக்குமான்னு கேட்டேன்" என்றார் தில்லைமணி.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "காலையில வரலியே நீங்க" என்றாள். "ஏழாம் வருசத்துக்காரங்க அத்தன பேரும் வந்தாங்க. ஒங்கள மட்டும் காணல."

"எப்படி வர முடியும் வல்லி? நாந்தான் போறேன்னு சொல்லிட்டுப் போனேனே."

"போறேன்னா சொன்னீங்க?"

"போறேன்னுதான் சொன்னேன். நீயும் 'ம்'முன்னுட்ட."

"அப்ப இப்ப எப்படி வந்தீங்க?"

"பஸ்ல" என்றார் தில்லைமணி. நம்பமாட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ, டிக்கெட்டை எடுத்துக் காட்டினார்.

அவள் டிக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஊரே சேந்து வராதீங்கன்னு சொல்லிட்டோம்" என்றாள். "மொதக் குரல் என்னுது."

"காலையில பாலத்துகிட்ட பஸ்ஸுக்குக் காத்துக்கெடந்தப்பவே கேட்டுச்சு. ஒங்குரல் எனக்குத் தெரியாதா? கண்டக்டர்கூடச் சொன்னாரு, எறங்கிக்குங்க சார், அந்த ஊர்ல யாரையும் வரவேணாங்கிறாங்கன்னு." அவர் சட்டைப்பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார், அட்டை போய், மூலைகள் மடங்கி, நூல் போட்டுத் தைத்திருந்தது. ஒன்பது ஊர்களுக்கும் பேனாவால் கோடு போட்டிருந்தார். ஒவ்வொரு ஊரிலும் ஹோட்டலில் வேலை பார்த்து, அடுத்த ஊருக்குப் போக வழி பிறக்கிறவரைக்கும் இருந்து, கொடைக்கானலில் நோயில் விழுந்து பிழைத்து, ஊட்டியைக் கடைசியாகப் பார்த்திருக்கிறார். கடைசிப் பக்கத்தைத் திறந்து அவளிடம் நீட்டினார். "இது ஒண்ணுதான் பாக்கி. நேரமிருந்தா பாக்கலாம்னு போட்டிருக்கான். இப்பதான் நேரம் கெடச்சுது."

சொர்ணவல்லி புத்தகத்தை வாங்கவில்லை. பலகையில் தொங்கின பதினோரு சாவியில் ஏழாம் நம்பரை எடுத்து, அவர் கையில் கொடுக்காமல், வாசற்படியில் அவர் காலடியில் வைத்தாள்.

"நல்லா சுத்திப் பாருங்க" என்றாள். "போகையில சொல்லிட்டுப் போங்க. மிஷின நிறுத்திட்டுக் கேக்குறேன்."